யாரும் அனுப்பாத குகைக்குள் இறங்க எந்த கேம்?

ஸ்கைரிம் என்ற கேமில் டான்ஸ்டார் ஊரிலிருந்து வின்டர்ஹோல்டு ஊர்ப் பக்கமாக நடந்தால், வழியில் பனி மூடிய பாறை மேல் ஒரு கலங்கரை விளக்கம் தெரியும். ஃப்ராஸ்ட்ஃப்ளோ என்று பெயர். எந்த ஊரிலும் யாரும் அதைப் பற்றி என்னிடம் பேசவில்லை, போய்ப் பார்த்து வா என்று எவரும் அனுப்பவும் இல்லை. பனிப்புயலுக்கு ஒதுங்க ஓர் இடம் கிடைத்ததே என்று கதவைத் திறந்தேன். தரையில் ஒரு பெண்ணின் உடல் கிடந்தது. அறைகளில் அந்த வீட்டார் எழுதி வைத்த நாட்குறிப்புகள் இருந்தன. கடலைப் பார்த்தபடி வாழ ஆசைப்பட்டு மனைவி மக்களோடு இங்கே குடியேறிய ஒரு தகப்பன். இந்த ஒதுக்குப்புறத்தில் இருக்கப் பிடிக்காத பிள்ளைகள். நிலவறைக்குள் என்னவோ ஊர்கிற சத்தம் கேட்கிறது என்று ஒரு குறிப்பு. நிலவறைக்குப் போனால் சுவர் உடைந்திருக்கிறது, அந்த ஓட்டைக்கு அப்பால் பனிக்குகை.

குகையை முடித்து மேலே வரும்போது அந்தத் தகப்பனின் எலும்புகள் என் பையில் இருந்தன. தான் இறந்தால் விளக்கின் நெருப்பிலேயே இட வேண்டும் என்று அவர் ஆசைப்பட்டதை நாட்குறிப்பில் படித்திருந்தேன். உச்சி வரை ஏறி நெருப்பில் இட்டேன். கேம் ஒரு சின்ன ஆசியைத் தந்தது. குணப்படுத்தும் மந்திரங்கள் இனி பத்து சதவீதம் கூடுதலாக வேலை செய்யும், அவ்வளவுதான். அன்று ராத்திரி வெகு நேரம் எனக்குத் தூக்கம் வரவில்லை.

இப்படி ஒரு மாலைக்காகத்தான் நான் ஓபன் வேர்ல்ட் கேம்களை, அதாவது நினைத்த பக்கம் சுற்றித் திரிய விடும் கேம்களை, விளையாடுகிறேன். உங்களுக்கும் அதுதான் வேண்டும், ஆனால் ஒரு கேம்தான் வாங்க முடியும், வேலை முடிந்து கிடைப்பது தினம் ஒன்றிரண்டு மணி நேரம்தான் என்றால் எதை எடுப்பது? என் கணக்கில் போட்டி மூன்று பேருக்கு நடுவில்: 2002இல் வந்த மோரோவிண்ட், 2011இல் வந்த ஸ்கைரிம், 2022இல் வந்த எல்டன் ரிங். முதல் இரண்டும் பெதஸ்டா செய்தவை, மூன்றாவது ஜப்பானின் ஃப்ரம்சாஃப்ட்வேர் செய்தது. வேறு சிலவும் உண்டு, அவற்றைப் பின்னால் சொல்கிறேன்.

கிராஃபிக்ஸ், சண்டையின் சுவை, மேப்பின் அளவு என்று ஒப்பிட நிறைய இருக்கிறது. இந்த விஷயத்துக்கு நான் ஒன்றை மட்டும்தான் பார்ப்பேன். நான் அந்தப் பக்கமே போகாமல் இருந்திருந்தாலும் அந்தக் குகை அப்படியேதான் இருந்திருக்குமா? எனக்கென்று யாரோ வாசலில் கோலம் போட்டு, உள்ளே என் பலத்துக்கு அளவெடுத்து எதிரிகளை நிறுத்தி வைத்திருந்தால் அது விருந்துக்குப் போவது மாதிரி. என்னைப் பற்றிக் கவலையே படாமல் அது பாட்டுக்கு இருக்கும் இடத்தில் நானாக நுழைந்தால்தான் வயிற்றில் அந்தப் பயமும் ஆவலும் சேர்ந்து வரும்.

ஸ்கைரிமிலிருந்தே தொடங்கலாம், பலரும் ஏற்கெனவே கொஞ்சம் விளையாடியிருப்பீர்கள். அதில் 150க்கு மேற்பட்ட டஞ்சன்கள், அதாவது எதிரிகளும் புதையலும் இருக்கும் குகை, கல்லறை, இடிபாடு போன்ற இடங்கள், இருக்கின்றன. அவற்றை எப்படிக் கட்டினார்கள் என்று அந்தக் குழுவில் இருந்த ஜோயல் பர்கெஸும் நேட் பர்கிபைலும் 2013இல் கேம் டெவலப்பர்ஸ் மாநாட்டில் விளக்கினார்கள். சுவர், வளைவு, படிக்கட்டு, தூண் என்று ஒன்றோடொன்று பொருந்தும் துண்டுகளை ஒரு தொகுப்பாகச் செய்துகொண்டு, அந்தத் துண்டுகளைக் கோத்துக் கோத்து டஞ்சன்களை எழுப்பினார்கள். துண்டுகளைச் செய்ய இரண்டு கலைஞர்கள், அவற்றை வைத்து இடங்களை அமைக்க எட்டு பேர். இத்தனை சிறிய குழு ஒவ்வொரு குகைக்கும் ஒரு சின்னக் கதையாவது வைக்க முயன்றிருக்கிறது என்பதில் எனக்கு இன்றும் மரியாதை உண்டு. எலும்புக்கூடு எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது, அதன் கைக்கெட்டும் தூரத்தில் என்ன கிடக்கிறது என்று பார்த்தாலே அங்கே நடந்ததை ஓரளவு ஊகித்துவிடலாம்.

ஸ்கைரிமின் இன்னொரு நல்ல குணம், நீங்கள் முன்கூட்டியே போய்விட்டால் அது கோபித்துக்கொள்வதில்லை. பிளீக் ஃபால்ஸ் பாரோ என்ற மலைக் கல்லறைக்கு முக்கியக் கதை ஒருநாள் உங்களை அனுப்பும். யாரும் சொல்லும் முன்பே நீங்களாக ஏறி, சாவியாக உதவும் தங்க நகத்தின் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்து, கரடி, அந்துப்பூச்சி, ஆந்தை என்று வட்டங்களைப் பொருத்திக் கதவைத் திறந்து, உள்ளே இருக்கும் கல்லை எடுத்து வந்திருந்தால், பின்னால் அரண்மனை மந்திரவாதி அதைக் கேட்கும்போது அப்போதே கொடுத்துவிடலாம்.

குறைகளும் இருக்கின்றன. முதலாவது, திசைகாட்டி. திரையின் மேல் ஓரத்தில் ஓடும் அந்தப் பட்டியில், இன்னும் நீங்கள் கண்டுபிடிக்காத குகையின் சின்னம் முன்கூட்டியே வந்து நிற்கும். கண்ணால் பார்ப்பதற்கு முன்னாலேயே அங்கே ஏதோ இருக்கிறது என்று தெரிந்துவிடுகிறது. குறிப்பேட்டில் குவெஸ்டுகளை, அதாவது கேம் தரும் பணிகளை, அணைத்தால் வழிகாட்டும் அம்பு போய்விடும், ஆனால் இந்தச் சின்னங்கள் போகாது. திசைகாட்டியையே எடுத்துவிடும் மாட்களை, அதாவது ரசிகர்கள் செய்த மாற்றங்களை, பலர் போட்டுக்கொள்கிறார்கள், நானும் அப்படித்தான் விளையாடுகிறேன். போடாதவர்கள் ஒரு முறையாவது போட்டுப் பாருங்கள், பாதையோரத்துக் கற்குவியல் கூடக் கவனிக்கத் தக்கதாகிவிடும்.

இரண்டாவது, உள்ளே இருப்பவர்கள் பெரும்பாலும் உங்கள் லெவலுக்கு ஏற்ப வருகிறார்கள். ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு கீழ் எல்லையும் மேல் எல்லையும் உண்டு, அதற்குள் நீங்கள் முதல் முறை நுழையும்போது இருந்த லெவலில் அந்த இடம் நிலைத்துவிடும். எனவே தெரியாத்தனமாக ஆழத்தில் காலை விட்டுவிட்டோம் என்ற திகில் அபூர்வமாகத்தான் வரும். மூன்றாவது, அநேகமாக எல்லா டஞ்சனும் ஒரே மாதிரி முடிகிறது. கடைசி அறை, ஒரு வலிய எதிரி, ஒரு பெரிய பெட்டி, பக்கத்தில் ஒரு ரகசியக் கதவு, அது சுற்றிக்கொண்டு வாசலிலேயே கொண்டுவந்து விடும். திரும்பி நடக்கும் அலுப்பை மிச்சப்படுத்தத்தான் இந்த ஏற்பாடு, புரிகிறது. ஆனால் இருபதாவது டஞ்சனில், எவ்வளவு ஆழம் போனாலும் வெளியே விட ஆள் இருக்கிறது என்று மனசுக்குத் தெரிந்துபோகிறது.

இந்த இடத்தில்தான் மோரோவிண்ட் முற்றிலும் வேறு ஆள்.

கதை நடப்பது வார்டன்ஃபெல் என்ற தீவில். நடுவில் எரிமலை, சுற்றிலும் சாம்பல் நிலம், காளான் மரங்கள். கேமில் குவெஸ்ட் அம்பு என்ற பேச்சே இல்லை. "ஆற்றைத் தாண்டி வடக்கே போ, பாதை இரண்டாகப் பிரியும் இடத்தில் மேற்கே திரும்பு" என்கிற மாதிரிதான் வழி சொல்வார்கள். கிராமத்தில் பெரியவர் ஒருவரிடம் வழி கேட்டுப் போகிற மாதிரியே இருக்கும். சில சமயம் அந்த வழி தெளிவாக இருக்காது. நீங்கள் தேடிப் போன இடத்துக்குப் பதிலாக வேறொரு கல்லறையின் முன் போய் நிற்பீர்கள். மோரோவிண்டில் எனக்கு நினைவில் நிற்கும் டஞ்சன்களில் பாதிக்கு மேல் அப்படி வழி தப்பி வந்து சேர்ந்தவைதான்.

ஒரு உதாரணம். ஆட்டம் தொடங்கும் சேடா நீன் என்ற சின்னத் துறைமுக ஊருக்குப் பக்கத்திலேயே சமாரிஸ் குடும்பத்தின் முன்னோர் கல்லறை இருக்கிறது. அதற்குள் மென்டர்ஸ் ரிங் என்று ஒரு மோதிரம். போட்டுக்கொண்டால் அறிவும் மனவுறுதியும் நிரந்தரமாகப் பத்துப் பத்துப் புள்ளி கூடும். முதல் நாள் ஆட்டக்காரர் கையில் கிடைக்க அது பெரிய பொருள். ஆனாலும் ஊரில் எந்த அறிவிப்பும் கிடையாது, கதையும் அந்தப் பக்கம் உங்களைத் தள்ளாது. முதல் மணி நேரத்தில் எடுத்தவர்களும் இருப்பார்கள், இருநூறு மணி நேரம் விளையாடியும் பார்க்காதவர்களும் இருப்பார்கள். இரண்டாமவருக்காக அது இடம் மாறுவதில்லை. மோரோவிண்டிலும் விலங்குகளும் சில்லறைப் பொருட்களும் ஓரளவு உங்கள் லெவலுக்கு ஏற்ப மாறும். ஆனால் பெயருள்ள மனிதர்களும் பெயருள்ள பொருட்களும் அவரவர் இடத்தில் அவரவர் பலத்தோடு இருப்பார்கள்.

கல்லறை ஆவிகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். சாதாரண இரும்புக் கத்தியால் அவற்றை ஒன்றும் செய்ய முடியாது. வெள்ளி ஆயுதமோ மந்திரம் ஏற்றிய ஆயுதமோ மந்திரமோ வேண்டும். முதல் முறை இது தெரியாமல் இறங்கினேன். குறுகலான படிக்கட்டில் முன்னோர் ஆவி மிதந்து வருகிறது, நான் குத்திக்கொண்டே இருக்கிறேன், அதற்கு உறைக்கவே இல்லை. ஓடி வந்து கதவை மூடிக்கொண்டு நின்றேன். ஊருக்குப் போய்க் கையிலிருந்த காசையெல்லாம் கொட்டி ஒரு வெள்ளிக் கத்தி வாங்கினேன். மறுநாள் அதே படிக்கட்டு. அந்த இடம் எனக்காகத் துளியும் இறங்கி வரவில்லை, நான்தான் ஏறிப் போனேன்.

அப்புறம் பறத்தல். மோரோவிண்டில் மிதக்கும் மந்திரம் உண்டு, அதை நம்பியே இடங்களைக் கட்டியிருக்கிறார்கள். டெல்வானி மந்திரவாதிகளின் காளான் கோபுரங்களில் மேல்மாடிக்குப் படிக்கட்டே கிடையாது, பறக்கத் தெரிந்தவர் மட்டும் வரலாம். குகைகளிலும் தலைக்கு மேலே இருட்டில் திண்டுகள் இருக்கும். அவற்றில் யாரோ ஒளித்து வைத்த மூட்டையும், அங்கே போய்ச் செத்தவனின் எலும்பும் கிடைக்கும். அண்ணாந்து பார்க்கும் பழக்கத்தை எனக்குச் சொல்லிக் கொடுத்த கேம் இது. ஸ்கைரிமில் இந்த மந்திரம் இல்லை.

வெளியே வருவதும் உங்கள் பொறுப்புதான். நினைத்த இடத்துக்கு மேப்பைத் தொட்டுப் போகும் வசதி இல்லை. மார்க் மந்திரத்தால் ஓரிடத்தைக் குறித்து வைத்து ரீகால் மந்திரத்தால் அங்கே திரும்பலாம், அல்லது பக்கத்துக் கோயிலுக்குக் கொண்டுபோய் விடும் மந்திரச் சுருள் ஒன்றைப் பையில் வைத்துக்கொள்ளலாம். அதை மறந்துவிட்டு டுவெமர் என்ற மறைந்துபோன இனத்தாரின் இடிபாடு ஒன்றின் அடியாழத்தில், பை நிறையக் கனத்த உலோகச் சாமான்களோடு நின்றால், எதை விட்டுவிட்டு எதைத் தூக்கிப் போவது என்று உட்கார்ந்து யோசிக்க வேண்டியதுதான். அந்த யோசனையும் எனக்குப் பிடித்த பகுதி.

இதில் கஷ்டம் எங்கே என்றால் சண்டையில். கத்தி எதிரியின் மேல் பட்டதைக் கண்ணால் பார்ப்பீர்கள், ஆனால் உள்ளே பகடை உருண்டு அடி விழவில்லை என்று சொல்லிவிடும். உங்கள் திறமைப் புள்ளியும் அந்த நேரத்துக் களைப்பும் சேர்ந்து அதை முடிவு செய்கின்றன. ஓடி வந்து மூச்சிரைக்கக் குகைக்குள் நுழைந்தால் எலியைக் கூட அடிக்க முடியாது. பலர் கேமை முதல் நாளே மூடி வைப்பது இதனால்தான். இன்னொன்று, பேச்சில் பெரும்பகுதி எழுத்தாகத்தான் வரும், அதுவும் ஆங்கிலத்தில். நான் ஒப்பிடும் மூன்று கேமிலும் தமிழ் இல்லை. ஆனால் ஸ்கைரிமில் குரல் இருக்கிறது, எல்டன் ரிங்கில் பேச்சே குறைவு. மோரோவிண்டில் வழியைப் படித்துப் புரிந்துகொள்ளாமல் நகர முடியாது. பக்கம் பக்கமாக வாசிக்க அலுக்கும் என்றால் இது உங்களுக்குச் சரிப்படாது.

எல்டன் ரிங்குக்கு வருவோம். ஹிடெடாகா மியாசாகியின் குழு செய்தது. லிம்கிரேவ் பகுதியின் கிழக்கே மிஸ்ட்வுட் காட்டுக்குள் ஒரு வட்டமான கல் கட்டடம் நிற்கிறது. உள்ளே ஒரு லிஃப்ட். ஏறி நின்றேன். இறங்கியது, இறங்கிக்கொண்டே இருந்தது. ஏதோ பழுதோ என்று நினைக்கும் அளவுக்கு நேரம் ஆனது. அப்புறம் இருட்டில் ஊதா நிறம் பரவி, மண்ணுக்கு அடியில் ஒரு வானம் திறந்தது. நட்சத்திரங்கள், அதன் கீழே ஓர் ஆறு, இடிந்த தூண்கள். கிணறு வெட்டப் பூதம் புறப்பட்டது என்பார்கள். இங்கே ஒரு கிணற்றுக்குள் ஒரு நாடே இருந்தது. சியோஃப்ரா ஆறு என்பது அதன் பெயர். அங்கே போகச் சொல்லி எந்தக் கட்டளையும் வராது, அங்கிருக்கும் எட்டு நெருப்புத் தூண்களை ஏற்றினால் என்ன நடக்கும் என்றும் யாரும் உட்கார்ந்து விளக்க மாட்டார்கள்.

அதே லிம்கிரேவில், ஏரிக்கு நடுவே எரிந்த இடிபாடுகளின் கீழறையில் ஒரு பெட்டி இருக்கிறது. திறந்தால் புகை கிளம்பும், கண் விழிக்கும்போது கேலிட் பகுதியில் படிகம் முளைத்த ஒரு சுரங்கத்துக்குள் கிடப்பீர்கள். அங்கிருந்து மேப் வழியாகத் தப்ப முடியாது. வெளியே போகும் வழியை நீங்களே தேடிக் கண்டுபிடிக்க வேண்டும், வெளியே வந்தால் வானமே சிவந்திருக்கும். விளையாடத் தொடங்கிய இரண்டாம் நாள் எனக்கு இது நடந்தது. கண்ணைக் கட்டிக் காட்டில் விட்ட மாதிரி இருந்தது என்றாலும், நான் கேட்ட கேள்விக்கு இதைவிட நேரான பதில் கிடையாது. அந்தச் சுரங்கம் என் லெவல் என்ன என்று கேட்கவே இல்லை.

ஆனால் எல்டன் ரிங்கின் சின்ன டஞ்சன்களை எல்லாம் இதே உயரத்தில் வைக்க முடியாது. பாதாளக் கல்லறைகள் என்று வரிசையாக வரும். சாம்பல் கல் சுவர், மேலே ஒட்டிக்கொண்டு பாயக் காத்திருக்கும் குட்டிச் சாத்தான், எங்கோ ஒரு நெம்புகோல், அதை இழுத்தால் திறக்கும் பாஸ் அறை, அதாவது அந்த இடத்தின் பெரிய எதிரி இருக்கும் அறை. அந்த பாஸும் முன்பே வேறொரு கல்லறையில் பார்த்த முகமாக இருக்கும். பூனைமுகக் காவல் சிலையோடு எத்தனை முறைதான் சண்டை போடுவது? தலைநகரான லெயின்டெல்லின் கல்லறையில் மட்டும் இந்தச் சலிப்பையே புதிராக மாற்றியிருக்கிறார்கள். ஒரே அறைக்குத் திரும்பத் திரும்ப வருகிற மாதிரி இருக்கும், உற்றுப் பார்த்தால்தான் அறைகள் வேறு வேறு என்று பிடிபடும். இன்னொரு சிக்கல், உள்ளே கிடைப்பது உங்களுக்கு உதவாத ஆயுதமாகவே பல முறை இருக்கும். ஒரு கல்லறையில் யார் வாழ்ந்தார், ஏன் செத்தார் என்று ஃப்ராஸ்ட்ஃப்ளோ சொன்ன மாதிரி இங்கே பெரும்பாலும் சொல்வதில்லை. பொருளின் குறிப்பில் இரண்டு வரி இருக்கும், மிச்சத்தை நீங்கள்தான் கோக்க வேண்டும்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1996இன் டாகர்ஃபால் இலவசம், டாகர்ஃபால் யூனிட்டி என்ற புதிய வடிவில் இன்றைய கணினியிலும் நன்றாக ஓடும். அதில் டஞ்சன்கள் ஆயிரக்கணக்கில். ஆனால் பெரும்பாலானவை துண்டுகளைத் தானாகக் கோத்து உண்டான புதிர்வழிகள், தொலைந்துபோவதற்குக் குறைவில்லை, கண்டுபிடிக்கத்தான் குறைவு. 2006இன் ஆப்லிவியனும் அதன் 2025 ரீமாஸ்டரும் பார்க்க அழகு, குகைகள் மட்டும் ஒன்றுபோல் ஒன்று. உங்கள் லெவல் ஏற ஏற வழிப்பறிக்காரன் கூட விலை உயர்ந்த கண்ணாடிக் கவசத்தில் வந்து நிற்பான், அதைப் பார்த்த பின் எனக்கு அந்த உலகத்தில் நம்பிக்கை போய்விட்டது. 2024இன் டிராகன்ஸ் டாக்மா 2 இருட்டை உண்மையான இருட்டாக வைத்திருக்கிறது. விளக்குக்கு எண்ணெய் தீரும், அடி வாங்க வாங்க உடல்நிலையின் உச்ச அளவே குறைந்துகொண்டு போகும், முகாமிட்டுத் தூங்கினால்தான் திரும்பும். பயணத்துக்கு அருமையான கேம். டஞ்சனுக்கென்றே வாங்குகிறவருக்கு அதன் குகைகள் போதாது, குறைந்தபட்சமே 16 ஜிபி ரேம் கேட்கிறது.

கணினி என்று பேச்சு வந்ததால், எல்டன் ரிங்குக்கு 12 ஜிபி ரேம், 60 ஜிபி இடம், ஓரளவு நல்ல கிராஃபிக்ஸ் கார்டு வேண்டும். ஸ்கைரிம் ஸ்பெஷல் எடிஷனுக்கு 8 ஜிபி ரேம். மோரோவிண்ட் எதிலும் ஓடும். ஓபன்எம்டபிள்யூ என்ற திறமூல எஞ்சினில் போட்டால் பழைய லேப்டாப்பிலும் லினக்ஸிலும் தடங்கல் இல்லாமல் ஓடுகிறது, மூல கேமை மட்டும் வாங்கி வைத்திருக்க வேண்டும்.

நேரத்தையும் பாருங்கள். ராத்திரி ஒன்பதுக்கு உட்கார்ந்து பத்தரைக்குத் தூங்கப் போகிறவருக்கு ஸ்கைரிம் வசதி. பெரும்பாலான டஞ்சன்கள் ஒரே உட்காரலில் முடியும், எங்கே வேண்டுமானாலும் சேவ் செய்யலாம். சின்னக் குழந்தை இருக்கும் வீடு என்றால் வேறு யோசிக்காமல் இதையே எடுங்கள், திசைகாட்டியை மட்டும் முதல் நாளே எடுத்துவிடுங்கள். எல்டன் ரிங்கில் ஒரு பாஸிடம் மாட்டிக்கொண்டால் மாலை முழுதும் அங்கேயே போகும், செத்த இடத்தில் விட்டு வந்த ரூன்களை (லெவல் ஏற்றவும் பொருள் வாங்கவும் உதவும் காசு) எடுக்கப் போகும் வழியில் மறுபடி செத்தால் அவை போனது போனதுதான். இதை ரசிக்கிறவர்களுக்கு, கையில் நல்ல கணினியும் இருந்தால், எல்டன் ரிங்கை நான் கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன்.

ஆனால் கேள்வி குகையைப் பற்றி மட்டும் என்றால், யாரும் அனுப்பாமல், யாரும் எதிர்பார்க்காமல் ஓர் இடத்துக்குள் இறங்க வேண்டும் என்பது மட்டுமே ஆசை என்றால், என் தேர்வு மோரோவிண்ட். எல்டன் ரிங்கின் கிணறு தரும் பிரமிப்பு அதில் இல்லை. ஃப்ராஸ்ட்ஃப்ளோவின் துக்கம் அளவுக்கு எழுதப்பட்ட கல்லறைகளும் அதில் குறைவு. ஆனாலும் ஒரு கதவை நான் கண்டுபிடித்தேன் என்று முழு மனதோடு சொல்ல முடிவது அங்கேதான்.

வாங்கினால் முதல் மாலை இப்படிச் செய்து பாருங்கள். பாத்திரத்தை உருவாக்கும்போது ஒரே ஒரு ஆயுதத் திறமையை முதன்மையாக எடுங்கள், அந்த வகை ஆயுதத்தையே பிடியுங்கள். பால்மோரா என்ற ஊருக்குப் போய் ஓர் ஆளைப் பார்க்கச் சொல்வார்கள். சேடா நீன் ஓரத்தில் சவாரிக்கு நிற்கும் ஒரு பெரிய பூச்சியில் காசு கொடுத்து ஏறினால் நேரே அங்கே போய் இறங்கலாம். ஏறாதீர்கள். அதன் பக்கமாகவே நடந்து ஊரைத் தாண்டினால், பாறைச் சரிவில் ஒரு மரக்கதவு தெரியும். ஆடமசார்ட்டஸ் என்ற குகை. உள்ளே கடத்தல்காரர்கள் சிலரும், அடைத்து வைக்கப்பட்ட அடிமைகளும் இருப்பார்கள், சாவி அந்தக் கும்பலில் ஒருவரிடம் இருக்கிறது. கதவுக்கு முன்னால் கொஞ்சம் நின்று களைப்பாறிவிட்டு உள்ளே போங்கள்.